திருத்தித் தராதே, காட்டித் தா

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) ஆங்கிலத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் எழுத்துதான் பெரிய தலையிடி என்பார். வாசித்து விடையளிப்பது, இடைவெளி நிரப்புவது எல்லாம் பழைய வினாத்தாள்களைச் செய்யச் செய்யக் கைவந்துவிடும். ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு கட்டுரையோ கடிதமோ பேச்சோ எழுதச் சொல்லும் இடத்தில்தான் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை பேனையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கும். யோசிப்பது நல்லதுதான். ஆனால் என்ன எழுதலாம் என்று அது யோசிப்பதில்லை. மனப்பாடம் செய்ததில் எந்தக் கட்டுரை இந்தத் தலைப்புக்குப் பொருந்தும் என்றுதான் யோசிக்கிறது.

நுவரெலியாவுக்குப் போன சுற்றுலா, வாசிப்பின் பயன், என் பொழுதுபோக்கு, சூழல் மாசு. பம்பலப்பிட்டியில் படிக்கிற பிள்ளையும் கொட்டாஞ்சேனையில் படிக்கிற பிள்ளையும் எழுதும் சுற்றுலாக் கட்டுரையில் வசனங்கள்கூட ஒன்றாக இருக்கும். அவர்களில் பலர் நுவரெலியாவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் உண்மையில் போன இடங்களும் கண்ட விஷயங்களும் கொப்பியில் ஒருநாளும் வருவதில்லை. பிழை விட்டுவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். சொந்த வசனம் எழுதினால் சிவப்பு விழும், மனப்பாட வசனத்துக்குச் சரி விழும் என்று அவர்கள் சின்ன வயதிலேயே படித்துக்கொண்டுவிட்டார்கள். பல வருடமாக எனக்கு வேதனை தருகிற விஷயம் இது.

வெள்ளவத்தையில், தமிழ்ச்சங்கத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில், வீட்டு முன்அறையில் வகுப்பு எடுக்கிறேன். எழுதியதில் பிழை காட்டும் ஒன்லைன் கருவிகளை அந்த அறைக்குள் கொண்டுவந்தது எனக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இல்லை. பிள்ளைகள் பயப்படாமல் பிழை விட ஓரிடம் வேண்டும் என்றுதான். இயந்திரம் முகம் சுளிக்காது, பெருமூச்சு விடாது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாது. அந்த ஒரு குணத்துக்காகவே அதை வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியரின் சிவப்புப் பேனையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு தடவை திருத்தி முடிக்க ஏறத்தாழ 7 மணித்தியாலம் வேண்டும். அப்படி நான்கைந்து வகுப்புகள் எடுக்கிற ஒருவர் மாதத்துக்கு ஒரு கட்டுரை திருத்தினாலே பெரிய காரியம். அதுவும் பிள்ளையின் கைக்குத் திரும்ப இரண்டு மூன்று கிழமையாகிவிடும். அந்த வசனத்தை ஏன் அப்படி எழுதினோம் என்பது அதற்குள் எழுதிய பிள்ளைக்கே மறந்துபோயிருக்கும். புள்ளியைப் பார்க்கும், கொப்பியை மூடும். திருத்தியவரின் உழைப்பு அத்தனையும் அந்தக் கொப்பிக்குள்ளேயே கிடக்கும்.

மொழி கற்பித்தலை ஆராய்பவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பது பலன் தருவதில்லை, கைவிட்டுவிடலாம் என்று ஜோன் ட்ரஸ்கொட் 1996இல் எழுதினார். அது அவசர முடிவு என்று டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இரு பக்கத்திலும் நியாயம் தெரிகிறது. திருத்தம் தானாக எதையும் கற்பிப்பதில்லை. திருத்தத்தைப் பார்த்த கையோடு பிள்ளை அதே கட்டுரையை மறுபடி எழுதினால்தான் அது பாடமாகிறது. அந்த இரண்டாவது எழுத்து எங்கள் வகுப்புகளில் இல்லை. நேரமும் இல்லை, இரண்டாவது கொப்பியைத் திருத்த ஆளும் இல்லை. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் இருக்கிற அளவுகோல் இது ஒன்றுதான்: பிள்ளையை மறுபடி எழுத வைக்கிறதா, இல்லையா?

கணினியை இந்த வேலைக்கு இழுக்கும் எண்ணம் பழையது. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்பவர் 1966இலேயே கட்டுரைகளுக்குக் கணினி புள்ளியிடலாம் என்று எழுதினார். அவரும் முன்பு பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவர்தான். அவருடைய கணினிக்குக் கட்டுரை விளங்கவில்லை. கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், கொம்மாக்களின் எண்ணிக்கை போன்றவற்றை எண்ணி, மனிதர் ஒருவர் இதற்கு என்ன புள்ளி போட்டிருப்பார் என்று ஊகித்தது. 1999இல், வணிக முகாமைப் பட்டப்படிப்புக்குச் சேர எழுதும் ஜீமெட் பரீட்சையின் கட்டுரைகளுக்குப் புள்ளியிடும் வேலையில் மனிதரோடு ஈ-ரேட்டர் என்ற மென்பொருளும் சேர்ந்துகொண்டது. 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் சில மாணவர்களோடு சேர்ந்து, பெரிய பெரிய சொற்களை அடுக்கி அர்த்தமே இல்லாத கட்டுரைகளை உருவாக்கும் ஒரு நிரலை எழுதினார். தானியங்கிக் கருவி அந்தக் கட்டுரைகளுக்கும் உயர்ந்த புள்ளி கொடுப்பதைக் காட்டினார்.

இந்தக் கதையைப் பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்வேன். புள்ளியைக் கருவியிடம் கேட்காதீர்கள். எந்த வசனத்தில் கால் இடறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அதில் அது பெரும்பாலும் நம்பத்தக்கது.

இப்போது கருவிகளுக்கு வருவோம். அதிகம் பேருக்குத் தெரிந்தது கிராமர்லி. உக்ரைனைச் சேர்ந்த மூவர் 2009இல் தொடங்கியது. பிழை என்று நினைக்கிற இடத்துக்கு அது கோடு போடும். கோடு விழுந்த இடத்தைத் தொட்டால் சரியான வடிவம் வரும், இன்னொரு தடவை தொட்டால் அது கட்டுரைக்குள் போய் உட்காரும். அலுவலகத்தில் அவசரமாக மின்னஞ்சல் எழுதுபவருக்கு அருமையான உதவி. கற்கிற பிள்ளைக்கு அது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. விறுவிறுவென்று எல்லாக் கோட்டையும் தொட்டுவிட்டு, சுத்தமான கட்டுரையைக் காட்டும். அடுத்த கிழமை அதே பிழை அதே இடத்தில் இருக்கும். லங்குவேஜ்டூல் என்பதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். இவற்றைப் பாவிப்பதானால் முதலில் அமைப்புக்குள் போய் பிரித்தானிய ஆங்கிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்துக்கூட்டலையே பிழை என்று காட்டி, அமெரிக்க வடிவத்தைப் பிள்ளைக்குப் பழக்கிவிடும்.

நான் வகுப்பில் வைத்திருப்பது கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ். பல மொழிகளைப் பேசுகிற மாணவர்கள் ஆங்கிலப் பரீட்சைகளில் எழுதிய விடைகளையும், அவற்றில் மனிதர்கள் குறித்த பிழைகளையும் கொண்டு பழக்கப்பட்டது அது. கட்டுரையைக் கொடுத்தால் சில விநாடிகளில் வசனங்களுக்கு நிறம் பூசித் தரும். வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை, நிறம் கூடக் கூட அந்த வசனத்தில் வேலை அதிகம். எழுத்துப்பிழை போன்ற சில இடங்களில் சரியானதையும் சொல்லும். பல இடங்களில் சொல்லாது. இந்த வசனத்தைப் பார் என்று நிறத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

"மிஸ், இது கலராக் காட்டுது, ஆனா என்ன பிழை எண்டு சொல்லுதில்லை" என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முறைப்பாட்டோடு போனை நீட்டும்.

"சொல்லாது. நீதான் கண்டுபிடிக்க வேணும். கண்டுபிடிச்சு மாத்திப்போட்டுத் திரும்ப அமத்து."

எனக்கு இந்தக் கருவி பிடித்ததே அது சொல்லாமல் விடுவதால்தான். பிள்ளை வசனத்தை மறுபடி வாசிக்கும். ஒன்றை மாற்றிப் பார்க்கும், நிறம் போகாது. இன்னொன்றை மாற்றும். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேட்கும். இரண்டும் சேர்ந்து இறந்தகாலமா நிகழ்காலமா என்று வாதாடும். நிறம் வெளுத்தவுடன் ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஆங்கில வகுப்பில் அந்தச் சத்தத்தை நான் முன்பு கேட்டதே இல்லை. ஒரே கட்டுரையை ஒரே மாலையில் பல தடவை திருத்தி எழுதிய பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். எந்த ஆசிரியராலும் அத்தனை தடவை ஒரு கொப்பியைப் பார்த்துக் கொடுக்க முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொழித் தேர்ச்சிக்கான ஐரோப்பிய அளவுகோலின்படி ஏ1 முதல் சி2 வரை ஒரு நிலையையும் அது காட்டும். சில பிள்ளைகளுக்கு அந்த எழுத்தும் எண்ணும்தான் கண்ணில் படும். ஏ2விலிருந்து பி1க்கு ஏறுவதற்காக, சொல்ல வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ பொறுக்கிய கடினமான சொற்களைச் செருகுவார்கள். நிலையை நான் வகுப்பில் கேட்பதும் இல்லை, பலகையில் எழுதுவதும் இல்லை. முதல் வடிவத்துக்கும் கடைசி வடிவத்துக்கும் இடையில் என்ன மாறியது என்று மட்டும் கேட்பேன். அதைப் பிள்ளை தமிழில் சொல்லலாம். தமிழில் சொல்ல முடிந்தால் விளங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆசிரியரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "மிஸ், கம்பியூட்டரே திருத்திக் குடுக்குமாம், பிறகேன் வகுப்பு?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. கருவி எல்லா நாட்டுப் பிள்ளைக்கும் ஒரே நிறம்தான் பூசும். தமிழ்ப் பிள்ளை ஏன் அந்தப் பிழையை விடுகிறது என்பது அதற்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழில் 'கடைக்குப் போய், மரக்கறி வாங்கி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து சமைத்தேன்' என்று எழுதலாம். முற்று ஒன்றுதான், மற்றதெல்லாம் எச்சம். ஒழுகி வருகிற அழகான வசனம். அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும் பிள்ளை ஐந்து வினைமுற்றுகளைக் கொம்மா போட்டு அடுக்கிவிடும். தமிழில் அந்தக் கொம்மா சரி, ஆங்கிலத்தில் ஐந்தும் தனித்தனி வசனமாகிவிட்டன. கருவி முழு வசனத்துக்கும் நிறம் பூசும். பிள்ளை சொல் சொல்லாக மாற்றிப் பார்த்துக் களைத்துவிடும், ஏனென்றால் சொற்களில் பிழையே இல்லை. நான் தமிழ் வசனத்தைப் பலகையில் எழுதி முற்றுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். அப்புறம் ஆங்கில வசனத்தில் முற்றுகளுக்குக் கோடு போடச் சொல்வேன். ஒன்றுக்குப் பதில் ஐந்து கோடு. அவ்வளவுதான், விளங்கிவிடும். எச்சமும் முற்றும் தமிழ்ப் பாடத்தில் படித்ததுதானே, இங்கே இப்படிக் கைகொடுக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இரண்டு புத்தகம் என்று தமிழில் சொல்லலாம் என்பதால் 'டூ புக்' என்று எழுதுவார்கள். 'ஏ', 'தி' போன்றவை தமிழில் இல்லாததால் ஒன்றில் எல்லா இடத்திலும் போடுவார்கள், அல்லது எங்கேயும் போடமாட்டார்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இன்னொன்று. நேற்று நடந்ததைச் சொல்ல 'ஹாட்' (had) போட்டே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை வேறு. இவை கவனக்குறைவால் வருபவை இல்லை. தாய்மொழியின் ஒழுங்கை நம்பி எழுதியதால் வருபவை. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வரும். தாங்கள் மக்கு இல்லை, தங்களிடம் ஏற்கனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கருவியை எதிர்த்து நிற்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆடிவேல் விழாவைப் பற்றி ஒரு பிள்ளை நன்றாக எழுதியிருந்தது. செட்டியார் தெருவிலிருந்து தேர் வருவது, காலி வீதியோரம் சனம் காத்து நிற்பது, அப்பம்மா அர்ச்சனைத் தட்டோடு இடித்துப் பிடித்து முன்னுக்குப் போவது எல்லாம் அதில் இருந்தன. விழாவின் பெயருக்கும் தெருவின் பெயருக்கும் கருவி சிவப்புக் கோடு போட்டது. பிள்ளை பயந்துபோய் அவற்றை எடுத்துவிட்டு, எங்கள் நகரத்தில் ஒரு விழா நடந்தது என்று மாற்றிக்கொண்டு வந்தது. கோடு போய்விட்டது, கட்டுரையும் போய்விட்டது. ஆள் பெயர், ஊர்ப் பெயர், சாப்பாட்டுப் பெயர், விழாப் பெயர் ஆகியவற்றில் கோடு விழுந்தால் கைவைக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வகுப்பின் சட்டம். அந்நியர் ஒருவர் வாசித்தால் விளங்குமா என்று மட்டும் பார்ப்போம். விளங்காது என்றால் பெயரை வைத்துக்கொண்டே பக்கத்தில் ஒரு சின்ன விளக்கம் எழுதுவோம். அந்தப் பிள்ளையை மறுபடி செட்டியார் தெருவுக்குக் கூட்டிப்போகப் பெரிய பாடுபட வேண்டியிருக்கவில்லை. அப்பம்மாவை ஏன் விட்டாய் என்று கேட்டேன், அதுவே போதுமாக இருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு நிலைமை வேறு. முன்பு கருவிகள் வசனத்தைத் தொட்டன, இது கட்டுரையையே எழுதித் தருகிறது. தடை போட்டால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, பிள்ளையின் போனில் அது ஏற்கனவே இருக்கிறது. எழுதியது இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களையும் நான் நம்பமாட்டேன். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பான் போதிய துல்லியமில்லாதது என்று அதே வருடம் ஜூலையில் விலக்கிக்கொண்டது. எளிமையான சொற்களில் எச்சரிக்கையாக எழுதுவதுதான் எங்கள் பிள்ளைகளின் நடை. அந்த நடையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஒரு நேர்மையான பிள்ளையைக் கள்ளப்பிள்ளை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது எழுதுமா?

அதற்குப் பதில் கூகுள் டொக்ஸில் எழுத வைக்கிறேன். கட்டுரை எப்படி வளர்ந்தது என்பது அதன் பதிப்பு வரலாற்றில் இருக்கும். வசனங்கள் தடுமாறித் தடுமாறி வந்திருக்கின்றனவா, முழுக் கட்டுரையும் ஒரே தடவையில் வந்து விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிள்ளையைப் பிடிப்பதற்காக மட்டும் நான் அதைத் திறப்பதில்லை. தன் வசனம் எப்படி வளர்ந்தது என்று பிள்ளைக்கே காட்டுவதற்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

சாட்ஜிபிடியை வீட்டில் பாவிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கட்டளையைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரும்புபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: "நான் ஓ.எல். மாணவன். என் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தி எழுதாதே. சரியான வசனத்தைத் தராதே. பிழை உள்ள மூன்று வசனங்களை மட்டும் காட்டு. ஒவ்வொன்றிலும் என்ன வகைப் பிழை என்று எளிய தமிழில் சொல். நான் திருத்திய பிறகு மறுபடி பார்." மூன்று என்று சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் இருபதைக் கொட்டிவிடும், பிள்ளை ஒன்றையும் பார்க்காது. அது உறுதியான குரலில் பிழையான விளக்கமும் தரும் என்பதால், தந்த விளக்கத்தை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வேன். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அந்தச் சேவை இல்லை, 18க்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அவர்களுடைய சொந்த விதி. பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். வீட்டு விலாசம், பாடசாலைப் பெயர், அப்பாவின் போன் நம்பர் எதையும் கட்டுரைக்குள் வைத்து அனுப்பக்கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கொழும்பு என்றால் எல்லாப் பிள்ளையிடமும் லப்டொப் இருக்கும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். என் வகுப்பில் பலருக்கு அம்மாவின் போன்தான், அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. டேட்டா முடிந்தால் மாதக் கடைசி வரை இல்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தையும் நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். இந்தக் கருவிகள் எல்லாம் நல்ல காலத்துப் பொருட்கள் என்பதை மறக்கக் கூடாது. எனவே முதல் எழுத்து எப்போதும் கொப்பியில், பேனையால். பிறகு பார்த்துத் தட்டெழுதுவார்கள். கொப்பியைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் வசதி இருக்கிறதே என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நான் விடுவதில்லை. தட்டெழுதும்போது தங்கள் பிழைகளில் கொஞ்சத்தைத் தாங்களே பிடித்துவிடுகிறார்கள். அதுதான் அவர்கள் செய்யும் முதல் திருத்தம், அதைக் கருவிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. போனின் சொல் ஊகிப்பை அணைத்துவிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

வகுப்பில் எனக்கு மிச்சமாகிற நேரத்தை வாசிப்பதற்குச் செலவழிக்கிறேன். எழுத்துப்பிழையைக் கருவி பார்த்துவிட்டதால் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று ஆறுதலாக வாசிக்க முடிகிறது. ஓரத்தில் நான் எழுதுவது இப்போது பெரும்பாலும் கேள்விகள்தான்: தேர் வந்தபோது என்ன சத்தம் கேட்டது? தம்பி ஏன் அழுதான்? அந்த அங்கிள் உனக்கு என்ன பதில் சொன்னார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதப்போய் ஐம்பது சொல் கட்டுரை இருநூறாகிவிடும், மனப்பாடக் கட்டுரை தேவைப்படாது.

பரீட்சை மண்டபத்தில் போன் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுவோம். ஒவ்வொருவரிடமும் ஒரு பிழைக் கொப்பி இருக்கும். வருடம் முழுக்கக் கருவி தங்களுக்கு அடிக்கடி நிறம் பூசிய வகைகளை, தங்கள் கையால், தங்கள் வசனங்களோடு எழுதிவைத்தது. ஒருவருக்கு அது கொம்மா, இன்னொருவருக்கு 'ஹாட்', இன்னொருவருக்குப் பன்மை. கட்டுரையை முடித்தபிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த இரண்டு மூன்று வகைக்காக மட்டும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கப் பழக்குகிறேன். இந்த வருடப் பிள்ளைகள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். போன் பைக்குள், கொப்பி மேசையில், மணிக்கூட்டைப் பார்த்து எழுதுகிறார்கள்.